வெள்ளை டி-ஷர்ட் சிவப்பாக வேண்டுமா?

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா நெருங்கிவிட்டால் குழந்தையின் டைரியில் ஒரு சீட்டு ஒட்டி வரும். 'தங்கள் மகன் ரெட் ஹவுஸ். வெள்ளிக்கிழமைக்குள் சிவப்பு டி-ஷர்ட் தேவை.' சீட்டு வருவது எப்போதும் செவ்வாய்க்கிழமை சாயந்திரம்தான்! கடைக்கு ஓடினால் சிவப்பு இருக்கும், குழந்தையின் அளவு இருக்காது. அளவு இருந்தால் நெஞ்சில் பொம்மையோ பெயரோ அச்சடித்திருக்கும். அதைப் பள்ளியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒரு நாள், அதுவும் இரண்டு மணி நேரம் போடுகிற உடுப்புக்காக இப்படி அலைய வேண்டியிருக்கிறது.

வீட்டில் வெள்ளை டி-ஷர்ட் ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும். அதற்குச் சாயம் முக்கிவிட்டால் என்ன என்று போன இதழுக்குப் பிறகு இரண்டு மூன்று வாசகிகள் கேட்டிருந்தார்கள். தாராளமாகச் செய்யலாம், சகோதரிகளே. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. குழந்தை வெயிலில் ஓடும், வியர்க்கும். சாயம் சரியாகப் பிடிக்காவிட்டால் கழுத்தும் முதுகும் அக்குளும் சிவப்பாகிவிடும். 'வாயில் சட்டையைக் கடிக்காதேடா' என்று எத்தனை தரம் சொன்னாலும் சின்னக் குழந்தைகள் கடிக்கத்தான் செய்யும். எனவே பார்வைக்குச் சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சிவப்பு துணியை விட்டு வரவே கூடாது.

முதல் வேலை, சட்டை என்ன துணி என்று தெரிந்துகொள்வது. உள்பக்கத் தையலில் இருக்கும் லேபிளைப் பாருங்கள். நூறு சதவிகிதம் காட்டன் என்றிருந்தால் கவலையே இல்லை. லேபிளைக் கத்தரித்து எறிந்திருந்தால் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்று கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறினதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலும் இருக்கும், நடுவில் கெட்டியும் தட்டுப்படும். கலப்புத் துணியில் பருத்தி இழை மட்டுமே சாயத்தை வாங்கும். அதனால் சிவப்புக்கு முக்கினால் ரோஜா நிறம்தான் கிடைக்கும். ரோஸ் ஹவுஸ் என்று எந்தப் பள்ளியிலும் நான் கேள்விப்பட்டதில்லை!

இப்போது எல்லாக் குழந்தைகளும் போடுகிற வழவழப்பான ஜெர்சி டி-ஷர்ட் முழுக்கப் பாலியெஸ்டர். அதை வீட்டில் தொடவே வேண்டாம். அதற்கென்று 'டிஸ்பர்ஸ்' என்கிற தனி ரகச் சாயம் உண்டு. ஆலைகளில் அதை மூடிய இயந்திரத்தில் அழுத்தத்தோடு 130 டிகிரி வரை சூடாக்கித்தான் ஏற்றுகிறார்கள். 'அப்படியானால் குக்கரில் வைக்கலாமே' என்று ஒரு புத்திசாலிப் பெண்மணி என்னிடம் கேட்டாள். வேண்டவே வேண்டாம்! நாளைக்கு அதே குக்கரில்தானே குழந்தைக்குப் பருப்பு வேகப் போகிறது?

எந்தச் சாயம் வாங்குவது?

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடைகளில் சின்னப் பொட்டலமாக, 'கொதிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டு முக்கவும்' என்று ஒரு சாயம் கிடைக்கும். பழைய திரைச்சீலைக்கும் மிதியடிக்கும் அது போதும். பருத்தி இழைமேல் அது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர இறுக்கமாகப் பிணைவதில்லை. அதனால் ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். வியர்வையிலும் வரும்.

நமக்கு வேண்டியது 'ரியாக்டிவ்' சாயம். அதிலும் 'கோல்டு பிராண்ட்' என்று கேட்டு வாங்க வேண்டும். 'ஹாட் பிராண்ட்' என்றும் ஒன்று உண்டு, அதற்கு 80 டிகிரி சூடு வேண்டும். பெயர் சொல்லாமல் கேட்டால் கடைக்காரர் கையில் எது அகப்படுகிறதோ அதைக் கொடுத்துவிடுவார். சென்னையில் பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளிலும், ஈரோடு, திருப்பூர் மாதிரி ஊர்களில் சாயக் கடைகளிலும், பாட்டிக், பிளாக் பிரிண்ட் சாமான் விற்கிற இடங்களிலும் கிடைக்கும். இப்போது போனிலேயே ஆர்டர் கொடுத்தும் வாங்கலாம். கடையில் வாங்குகிறவர்கள் பத்துப் பத்துக் கிராமாகத் தனிப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள். சாயப் பொடியைச் சமையலறைத் தராசில் நிறுக்கிற வேலை மிச்சம்.

இந்தச் சாயத்துக்கு ஒரு சின்னக் கதை உண்டு. 1856-ல் வில்லியம் பெர்க்கின் என்கிற பதினெட்டு வயது ஆங்கிலேயப் பையன் மலேரியாவுக்கான கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். மருந்து வரவில்லை, அழகான ஊதாச் சாயம் வந்தது. செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. சரியாக நூறு வருஷம் கழித்து 1956-ல் ஐ.சி.ஐ. என்ற ஆங்கிலக் கம்பெனி 'புரோசியான்' என்ற பெயரில் ரியாக்டிவ் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் என்ன விசேஷம் என்றால், காரம் சேர்ந்ததும் சாயம் பருத்தி இழையோடு வேதியியல் முறையில் இணைந்து, இழையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. பிறகு துவைத்தாலும் போகாது. அந்தக் காரம் என்பது வேறொன்றும் இல்லை, சலவை சோடாதான்.

சோடாவிலும் குழப்பம் உண்டு. ஆப்ப சோடா வேறு, சலவை சோடா வேறு. ஆப்ப சோடாவின் காரம் ரொம்ப மென்மையானது. பச்சைத் தண்ணீரில் முக்கும்போது அது சாயத்தைப் பிடிக்க வைக்காது. சலவை சோடாவிலும் 'சோடா ஆஷ்' என்று வெள்ளை மாவு மாதிரி இருப்பதை வாங்குங்கள். கண்ணாடிக் கல் மாதிரிக் கட்டியாக இருப்பதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதுதான் அகப்பட்டது என்றால் நான் சொல்கிற அளவைப் போல இரண்டே முக்கால் பங்கு போட வேண்டும்.

இன்னொன்று. சாயம் நிற்க வினிகர் போடு, எலுமிச்சம்பழம் பிழி என்று சொல்கிறவர்கள் அநேகம் பேர். பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற சாயத்துக்குத்தான் புளிப்பு ஒத்தாசை செய்யும். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது வினிகர் விட்டால் சோடாவின் வேலையைக் கெடுத்ததுதான் மிச்சம். மஞ்சள் ஹவுஸ்தானே, வீட்டு மஞ்சள்பொடியே போதுமே என்றும் ஒரு யோசனை வரும். மஞ்சள் நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் வெயிலில் வெளுத்துவிடும், சோப்புப் பட்டால் சிவந்துவிடும். காலையில் மஞ்சள் ஹவுஸில் ஓடின குழந்தை துவைத்த பிறகு ரெட் ஹவுஸில் சேர வேண்டியதுதான்!

ஆரம்பிக்கும் முன்

குழந்தைகளை அனுப்பிவிட்டு, பகல் பதினொரு மணி வாக்கில் ஆரம்பியுங்கள். சாயப் பொடி ரொம்ப மென்மையானது, மூடியைத் திறந்தாலே பறக்கும். அதைத் திரும்பத் திரும்பச் சுவாசித்தால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகி, இழுப்பு வந்துவிடுகிறது. ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பிறகு துளிப் பொடி பட்டாலும் மூச்சு முட்டும். ஆகையால் ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் பொடி கரைக்கிற வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள். மற்றவர்கள் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க், ரப்பர் கையுறை, பழைய நைட்டி அல்லது புடவையோடு நிற்கவும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஈரமாக்கின பழைய நியூஸ் பேப்பர்மேல் வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தால் சிந்தின பொடி அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இடம் துணி துவைக்கிற இடமோ மொட்டை மாடியோதான். அடுப்படி கூடாது. பாத்திரம் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு பழைய கப், ஒரு குச்சி. இவை மூன்றும் இனிமேல் சாயத்துக்கு மட்டும்தான். 'நன்றாகக் கழுவிவிட்டேனே' என்று மாவு கரைக்க எடுக்கக்கூடாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது. சோடா அதை அரித்துவிடும்.

கணக்கைப் பார்ப்போம். சின்னப் பையனின் டி-ஷர்ட் இரண்டு சேர்ந்தால் ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். அதற்குத் தண்ணீர் 4 லிட்டர், உப்பு 300 கிராம், சோடா ஆஷ் 40 கிராம். சாயம் வெளிர் நிறத்துக்கு 2 கிராம், நடுத்தரத்துக்கு 4 கிராம், நல்ல அடர் சிவப்புக்கு 8 கிராம். கறுப்பு என்றால் இதைவிட அதிகம் பிடிக்கும், 12 முதல் 16 கிராம் வரை. துணியின் எடை கூடினால் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். 300 கிராம் உப்பா என்று மலைக்காதீர்கள். தண்ணீரில் மிதக்கிற சாயத்தை இழைப் பக்கம் தள்ளுவதே உப்புதான். போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிற ஊர்களில் மழைத் தண்ணீரோ, வடிகட்டின குடிதண்ணீரோ எடுத்துக்கொள்வது நல்லது. கடினத் தண்ணீரில் சோடா பட்டதும் வெள்ளையாகத் திரிந்து துணிமேல் படியும்.

சட்டையை முதல் நாளே வெந்நீரில் சோப்புத்தூளும் கொஞ்சம் சோடாவும் போட்டுத் துவைத்துவிடுங்கள். புதுச் சட்டையின் கஞ்சி, பழைய சட்டையில் தேங்காயெண்ணெய்க் கறை எல்லாம் போனால்தான் சாயம் ஒரே சீராக ஏறும். அழுக்கை மறைக்கத்தானே சாயம் என்று நினைத்தால் தப்பு. எண்ணெய் பட்ட இடம் திட்டாக விட்டுப்போகும். குழம்புக் கறையும் முக்கின பிறகு ஒரு நிழல் மாதிரி தெரியும்.

முக்கும் முறை

வாளியில் தண்ணீர் விட்டு உப்பைக் கரையுங்கள். கல் உப்பு என்றால் கரைத்துத் துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். சாயப் பொடியைக் கப்பில் துளி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு முதலில் பசையாகக் குழைத்து, பிறகு அரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வாளியில் ஊற்றுங்கள். தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை. நம் ஊர் வெயிலில் குழாய்த் தண்ணீரின் சூடே போதும். மார்கழிக் குளிரில் மட்டும் கொஞ்சம் வெந்நீர் கலந்துகொள்ளுங்கள்.

சட்டையை ஈரமாகவே, பிழிந்து உதறி உள்ளே விடுங்கள். காய்ந்த துணியைப் போட்டால் முதலில் பட்ட இடம் அதிகமாகக் குடித்துவிடும். இருபது நிமிஷம் குச்சியால் பிரட்டிக்கொண்டே இருங்கள். ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. பிறகு சோடாவை அரை லிட்டர் வெந்நீரில் தனியாகக் கரைத்து, ஆறவிட்டு, சட்டையை ஒருபக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஊற்றிக் கலக்குங்கள். சட்டையின் தலையில் ஊற்றினால் அந்த இடம் மட்டும் அடர்ந்துவிடும்.

சோடா விழுந்த பிறகு ஒரு மணி நேரம். முதல் பதினைந்து நிமிஷம் விடாமல் பிரட்ட வேண்டும், பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் போதும். மதுரை சுங்குடி மாதிரி வெள்ளைப் புள்ளி வேண்டுமென்றால் முக்குவதற்கு முன்பே துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். பெண் குழந்தைகள் குஷியாகிவிடுவார்கள். ஹவுஸ் சட்டைக்கு அந்த வேடிக்கை உதவாது.

எடுத்துப் பார்த்தால் நிறம் ரொம்ப அடர்த்தியாக இருக்கும். நம்பாதீர்கள், காய்ந்தால் ஒரு பங்கு குறையும். இனிமேல்தான் முக்கியமான வேலை. இழையோடு சேராத சாயமும் துணிக்குள் நிறைய இருக்கிறது. அது முழுக்க வெளியேறினால்தான் குழந்தையின் முதுகு தப்பும். முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பும் சோடாவும் போகிறவரை மூன்று நாலு தரம் அலசுங்கள். பிறகு சமையலறையில் தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து, வாளியில் ஊற்றிச் சோப்புத்தூள் கலந்து, சட்டையைப் பத்து நிமிஷம் அதில் அமுக்கி வையுங்கள். கை வைக்க முடியாத சூடு வேண்டும், குச்சியால்தான் கிளற வேண்டும். தண்ணீர் சிவப்பாக இறங்கும். கொட்டிவிட்டு இன்னொரு தரம், மறுபடியும் ஒரு தரம். சிவப்புக்கும் கறுப்புக்கும் மூன்று நாலு தரமாவது ஆகும், மஞ்சளுக்கு இரண்டே போதும். பொறுமை இழந்து இந்தக் கட்டத்தில் நிறுத்துகிறவர்கள்தான் பிறகு 'வீட்டுச் சாயம் போகிறது' என்கிறார்கள்.

நின்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈரச் சட்டையின் ஓரத்தை ஒரு வெள்ளைக் கைக்குட்டைக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தால் குழந்தைக்குப் போடலாம். லேசாக ரோஸ் தட்டினால் இன்னும் ஒரு வெந்நீர்.

தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். அதனால் சிவப்புச் சட்டையில் தையல் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். பயந்துவிடாதீர்கள், பார்க்க அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

அண்ணனுடைய மஞ்சள் சட்டை தம்பிக்கு வந்து, தம்பி பச்சை ஹவுஸாக இருந்தால் புதுச் சட்டை வாங்க வேண்டாம். மஞ்சள்மேல் கொஞ்சமாக நீலம் முக்கினால் பச்சை. சிவப்புமேல் நீலம் முக்கினால் கத்தரிப்பூ நிறம்தான் வரும், நீலம் வராது. எனவே குடும்பத்தில் மூத்தவன் மஞ்சள் ஹவுஸாக அமைவது அம்மாவின் அதிர்ஷ்டம்.

பிளாஸ்டிக் தட்டுக்குச் சாயம் ஏறுமா?

ஒரு வாசகியின் மகன் கல்லூரியில் 'அல்டிமேட்' விளையாடுகிறானாம். சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரையில் பிள்ளைகள் வட்டமான தட்டைப் பறக்க விட்டு ஓடிப் பிடிப்பார்களே, அதுதான். 'எங்கள் டீமின் தட்டுக்கும் சட்டை நிறத்திலேயே சாயம் போட முடியுமா, அமெரிக்காவில் போடுகிறார்களாமே' என்று அந்தப் பையன் கேட்கச் சொன்னானாம்.

அமெரிக்காவில் போடுவது உண்மைதான். ஆனால் அது வேறு தட்டு. அங்கே 'டிஸ்க் கோல்ஃப்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. குழிக்குப் பதில் சங்கிலி தொங்குகிற கூடையில் தட்டை எறிய வேண்டும். அந்தத் தட்டுகளில் உயர்ந்த ரகத்தை பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். முன்னே சொன்னேனே, பாலியெஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயம், அது பாலியூரிதேனுக்குள்ளும் ஊறி இறங்கும். தட்டின் மேல் ஸ்டிக்கரை ஒட்டி, வேண்டிய வடிவத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, சூடான சாயத் தண்ணீரில் கவிழ்த்து வைப்பார்கள். சவரம் செய்கிற நுரையைத் தட்டில் பரப்பி, அதில் சாயத்தால் கோலம் போட்டு, அதன்மேல் தட்டை ஒரு நாள் முழுக்க அமுக்கி வைக்கிற முறையும் உண்டு.

நம் பிள்ளைகள் அல்டிமேட்டுக்கு எறிகிற 175 கிராம் தட்டு பெரும்பாலும் பாலிஎத்திலீன். நம் வீட்டு வாளி, குடம் ரகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கறை தவிர வேறெதையும் லேசில் வாங்காது. எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் துடைத்தால் போய்விடும். பெயின்ட் அடித்தால் நாலு எறியில் உரிந்து வரும், மணலில் விழும், கையில் ஒட்டும். ஆகவே சாயத்தை மறந்துவிட்டு, டீமின் பெயரை நல்ல ஸ்டிக்கராக அடித்து ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உறவுக்காரர் யாராவது அமெரிக்காவிலிருந்து பாலியூரிதேன் தட்டே கொண்டுவந்து கொடுத்தாலும் ஒரு எச்சரிக்கை. சாயம் ஆழமாக இறங்குவதற்காக அதை அசிட்டோனில் கரைக்கிற வழக்கம் சிலரிடம் உண்டு. நகப் பாலிஷ் அழிக்கிற அதே திரவம்தான். அதன் ஆவி நெருப்பை எட்டிப் பிடிக்கும். அடுப்போ விளக்கோ எரிகிற வீட்டில் பாட்டில் திறந்து வேலை பார்க்கிற சமாசாரம் இல்லை அது. பையன் மன்றாடினால் மொட்டை மாடிக்கு அனுப்புங்கள், மாஸ்க்கும் கையுறையும் போடச் சொல்லுங்கள், தங்கையைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மீதியை என்ன செய்வது?

சோடா கலந்த சாயத் தண்ணீரை நாளைக்கு ஆகுமே என்று எடுத்து வைக்காதீர்கள். சில மணி நேரத்தில் அதன் சக்தி போய்விடும், பிறகு வெறும் கலர் தண்ணீர்தான். எடுத்து வைப்பவர்கள் எதில் வைக்கிறார்கள்? காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில்! சிவப்பும் பச்சையுமாகப் பாட்டிலில் இருந்தால் நாலு வயசுக் குழந்தை அதைச் சாயம் என்றா நினைக்கும்? பிரிக்காத பொடியைக்கூட மூடி இறுகின டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, பரண்மேல் வையுங்கள். குங்குமம், கேசரிப் பவுடர் இருக்கிற அலமாரிப் பக்கமே வேண்டாம். வாங்கும்போது பெயரில்லாத பொட்டலத்தைத் தவிர்த்துவிடுங்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருளாகச் சிதைகிற சில அஸோ சாயங்களை ஜெர்மனி 1994-ல் தடை செய்தது, நம் நாட்டிலும் 1997-ல் தடை வந்தது. பெயரும் தயாரித்தவர் விலாசமும் உள்ள பாக்கெட் என்றால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். அத்தனை உப்பும் சோடாவும் போனால் துளசி மறுநாளே தலை தொங்கிவிடும். கிணற்றடியிலும் கொட்ட வேண்டாம், கழிவுநீர்க் குழாயில் நிறையத் தண்ணீரோடு விடுங்கள். நம் வீட்டு நாலு லிட்டருக்கே இந்தப் பாடு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் தண்ணீர் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணைவரை போய், கடைசியில் 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும்வரை அந்தப் பக்கத்து விவசாயிகள் பட்டது கொஞ்சமா! கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, வயலுக்கும் பாய்ச்ச முடியவில்லை. ஆகவே ஒரு சட்டைக்காக ஒருத்தி ஒரு வாளி என்று செய்வதைவிட, அதே ஹவுஸ் பிள்ளைகள் தெருவில் நாலு பேர் இருந்தால் நாலு அம்மாக்களும் சேர்ந்து பெரிய வாளியில் ஒரே தடவையாக முக்கிவிடுங்கள். நாலு பேருடைய சட்டையும் ஒரே சிவப்பாக இருக்கும்.

முக்கின சட்டையை நிழலில் உலர்த்துங்கள். முதல் இரண்டு சலவைக்குத் தனியாகப் போடுங்கள், வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியோடு ஊற வைத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். அடுத்த இதழில், மிச்சமிருக்கும் சாயத்தில் பழைய தலையணை உறைகளுக்கு மெழுகு வைத்துப் பாட்டிக் போடுவதைப் பார்க்கலாம்.